தூரைப் பிடுங்க டார்க் போதும்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. பாகூர், வில்லியனூர் பக்கம் வீடு உள்ளவங்களுக்கு இதுக்கு அப்புறம் நடக்கிறது தெரியும். சாய்ந்த மரத்தை அறுத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. தூர் மட்டும் தோட்டத்துல அப்படியே நிக்கும்.

"அதுபாட்டுக்கு மக்கிப் போகும், விடு"ன்னு வீட்டுல சொல்வாங்க. தென்னைத் தூரை மட்டும் அப்படி விடாதீங்க. மக்குற தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். புழு அதையே தின்னு வளர்ந்து, வண்டாகிப் பறந்து, நிக்கிற மரத்தோட குருத்தைத் துளைக்கும். புது மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இருந்தா அது இந்த வண்டோட வேலை. உங்க தூர், பக்கத்து வீட்டுக்காரர் மரத்துக்கு ஆபத்து.

சரி, எப்படி எடுக்கிறது? முதல் விஷயம், தரையோட தரையா அறுக்க விடாதீங்க. மார்பு உயரத்துக்குக் கட்டையை விட்டு வைக்கச் சொல்லுங்க. முதல் வருஷ மெக்கானிக்ஸ்தான்: 5 அடி உயரத்துல 100 கிலோ விசையில இழுத்தா, 1 அடி உயரத்துல இழுக்கிறதை விட 5 மடங்கு டார்க் கிடைக்கும். தரைமட்டமா அறுத்தா நெம்புகோலையே விறகா வித்துட்ட மாதிரி.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. விரல் தடிமன்ல ஏராளமான சல்லிவேர். சுத்தி ரெண்டடி தள்ளிப் பள்ளம் எடுத்து, கடப்பாரையாலும் கோடாரியாலும் வேரை அறுத்துட்டு, கட்டையோட உச்சியில சங்கிலி போட்டு, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கால மெதுவா இழுங்க. களிமண் காய்ஞ்சா கல்லு, ரொம்ப நனைஞ்சா காலை விடாது; மழை விட்டு நாலைஞ்சு நாள்ல ஈரப்பதம் சரியா இருக்கும். சங்கிலி போற நேர்கோட்டுல யாரும் நிக்கக் கூடாது. அறுந்தா சாட்டை மாதிரி திரும்பும். டிராக்டரை வச்சு வெடுக்குன்னு இழுக்கிறதும் வேண்டாம். செப்டிக் டேங்க், போர் குழாய் எங்கே போகுதுன்னு முதல்லயே பெரியவங்ககிட்ட கேட்டுக்கோங்க.

வேம்பு, பூவரசுக்கு வேற கதை. வெட்டின இடத்துலேயே துளிர்க்கும். நிழல் வேணும்னா ஒரு நல்ல துளிரை விட்டு மத்ததைக் கிள்ளிடலாம், தூரை எடுக்கவே தேவையில்லை. வேலிக்காத்தானை மட்டும் தண்டும் வேரும் சேருற இடத்துக்குக் கீழே வெட்டணும். மேலே வெட்டினா நாலு கிளையா வரும்.

உப்பு, மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் ஊத்தச் சொல்ற வீடியோக்கள் நிறைய சுத்துது. அதே மண்ணுல இறங்குற தண்ணியைத்தான் போர் போட்டு குடிக்கிறோம்.

எடுத்த தென்னந்தூரைப் பிளந்து வெயில்ல காயப்போடுங்க, அடுப்புக்கு ஆகும். புழு கிடைச்சா கோழிக்கு விருந்து. பள்ளத்தை மரத்தூள் மட்டும் போட்டு மூடாதீங்க; அது மக்கும்போது மண்ணுல இருக்கிற நைட்ரஜனை இழுத்துக்கும். மண்ணும் தொழுவுரமும் கலந்து, கொஞ்சம் மேடா மூடி, ஒரு மழைக்காலம் அமிழ விடுங்க. அப்புறம் வாழையோ கறிவேப்பிலையோ வைக்கலாம். மறுபடி தென்னைதான்னா பக்கத்து மரத்துல இருந்து 25 அடி விடுங்க, குழி 3 அடிக்கு 3 அடி, ஆழமும் 3 அடி.