வாம்பாட் முதல் சிந்தாமணி வரை

கும்பகோணம்

அன்புள்ள கண்ணம்மா,

ஆஸ்திரேலியாவில் வாம்பாட் என்றொரு பிராணி கட்டம் கட்டமாகப் புழுக்கை போடுகிறது என்று நீ அனுப்பியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். காபி ஆறும்வரை சிரித்தாள். அதற்கு முந்தின நாள் ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். அதற்கும் முன்னால், தாவரவியல் கணக்கில் வாழைப்பழம் பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லை என்ற கூத்து.

இதையெல்லாம் பார்க்காதே என்று உன் அப்பா மாதிரி நான் சொல்லப்போவதில்லை. கடலை மடித்து வந்த காகிதத்தை விரித்துப் படித்து வளர்ந்தவன் நான். செய்தி பாதியில் கிழிந்திருக்கும். மீதி என்னவாக இருக்கும் என்று நாலு நாள் மண்டையைக் குடையும். உனக்கு அந்தக் குடைச்சல் இல்லை. வாம்பாட்டுக்கு ஏன் அப்படி என்று போனில் கேட்டேனே, "அதுக்குள்ள அடுத்தது வந்துடுச்சு தாத்தா" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். (குடல் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் நெகிழ்வாகவும் இருப்பதால் வருகிற வடிவமாம். நானே தேடிப் பார்த்துக்கொண்டேன்.)

இந்த ஊர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம் 1880 அக்டோபரில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். கேட்டவர் முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்றார். ஐயர் அந்தாதி, உலா, கோவை என்று அடுக்கினார். முதலியார் மசியவில்லை, சிந்தாமணி தெரியுமா என்றார். தெரியாது. ஐயருக்கு அப்போது இருபத்தைந்து வயது. அந்த ஒரு கேள்வியை அவர் விடவில்லை. அது சமண நூல் என்பதால் இங்கேயே இருந்த சமணர் வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. ஏழு வருஷம்! நீ ஒரு காலைப்பொழுதில் ஏழு அதிசயம் அனுப்புகிறாய்.

இதெல்லாம் அவருடைய 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. முடிக்குமுன் 1942இல் அவர் காலமாகிவிட்டார். நான் அதை நாலைந்து தடவை படித்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் முதலில் படித்தபோது பிடித்தது ஊர் ஊராகப் போகும் பயணமும் அங்கங்கே போட்ட சாப்பாடும்தான். கல்யாணமான பிறகு படித்தபோது ஐயரின் அப்பா கண்ணில் பட்டார்: பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடைக்க வேண்டுமென்று குடும்பத்தையே ஊர் மாற்றிக்கொண்டு போகிற சங்கீத வித்வான். முன்பு அவரைக் காணாமல் எப்படிப் படித்தேன் என்று வெட்கமாக இருந்தது.

போன மாதம் மறுபடி எடுத்தேன். ஐயரின் குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் திருவாவடுதுறையில் உயிர் விடும் இடம். ஐயர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படிக்கிறார். பிள்ளை சாய்ந்திருப்பது சவேரிநாத பிள்ளை என்ற மாணவர்மேல். கிறிஸ்தவர்! சைவ மடத்து ஊர், திருவாசகம், தாங்கிப் பிடித்திருப்பது கிறிஸ்தவ மாணவர். இத்தனை தடவையும் அந்தப் பெயரைத் தாண்டியே போயிருக்கிறேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாட்டி விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

நீயும் உனக்குப் பிடித்த ஒரு பழைய புத்தகத்தை மறுபடி எடு. கதை தெரியுமே என்று தள்ளாதே. தெரிந்திருந்தால்தான் ஓரத்தில் நிற்கிறவர்கள் கண்ணில் படுவார்கள். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமென்று ஒன்றுமில்லை. இடறுகிற பெயரைப் போனில் தேடு, தாராளமாக. திருவாவடுதுறையை வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தவன்தான் நானும். தேடிவிட்டுத் திரும்பப் புத்தகத்துக்கு வந்துவிடு, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வரும்போது என் பிரதியைத் தருகிறேன். அட்டை போய்விட்டது, முதல் சில தாள்களை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஓரத்தில் பென்சில் கோடுகள் இருக்கும். பள்ளிக்கூட வயதில் போட்டவற்றைப் பார்த்துச் சிரிக்காதே.

அதிசயங்களை அனுப்புவதை நிறுத்திவிடாதே. ஏன் என்பதையும் சேர்த்து அனுப்பு. ஆக்டோபஸுக்கு எதற்கு மூன்று என்று பாட்டி தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
தாத்தா