அப்பம் ஐந்தாயிருந்தபோதே



உப்பிட்டவரை மறக்கலாகாது என்று நம் பெரியோர் நமக்குக் கற்பித்தார்கள். பிரசவ நேரத்தில் துணையிருந்த அண்டை வீட்டு அம்மாளையும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்குக் கைமாற்றுக் கொடுத்த சிநேகிதரையும் நாம் ஆயுள் முழுவதும் நினைத்திருக்கிறோம். ஆனால் நமக்கு மூச்சைக் கொடுத்தவரை எத்தனை தரம் நினைக்கிறோம்? சேசுநாதர்சுவாமி பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கினார். திரும்பி வந்து அவர் பாதத்தில் விழுந்தவன் ஒருவன் மாத்திரமே. அவனும் அந்நியனான சமாரியன் என்று அர்ச். லூக்காஸ் எழுதிவைத்திருக்கிறார். இந்தப் பிரசங்கத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இன்று வேறொரு கேள்வியைச் சிந்திப்போம். குணமடைந்தவன் திரும்பி வந்து நன்றி சொல்லலாம்; இன்னும் குணமடையாதவன் என்ன செய்வான்? வேலையிழந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனும், மாதக்கணக்காய்ப் படுக்கையில் கிடக்கும் தாயும், பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வெறுமையான வீட்டுக்குத் திரும்பிய பெற்றோரும் எதற்காக நன்றி சொல்வார்கள்? எந்த நிலைமையிலும் நன்றி செலுத்தவேண்டுமென்று அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கேயருக்குச் சொன்ன புத்திமதி இவர்களுக்கு எட்டாத காரியமல்லவா?

இதற்குப் பதிலை நம் ஆண்டவரிடமே கேட்போம்.

ஆண்டவர் நன்றி சொன்ன மூன்று வேளைகள்

முதலாவது, கலிலேயாக் கடலோரத்து மலை. ஆண்கள் மாத்திரம் ஏறக்குறைய 5,000 பேர் பசியோடிருக்கிறார்கள். கையிலிருப்பதோ ஒரு சிறுவனுடைய ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும். இது எம்மூலைக்குக் காணும் என்று சீஷர்கள் கலங்குகிறார்கள். ஆண்டவர் அப்பங்களைக் கையிலெடுத்து நன்றி செலுத்துகிறார். பன்னிரண்டு கூடை மீதியான பிறகல்ல, அப்பம் ஐந்தாயிருந்தபோதே.

இரண்டாவது, பெத்தானியாவிலுள்ள ஒரு கல்லறை. லாசர் மரித்து நான்கு நாளாயிற்று. கல்லைப் புரட்டிவிட்டார்கள், மரித்தவனோ இன்னும் உள்ளேதான் கிடக்கிறான். அப்போதே ஆண்டவர் கண்களை உயர்த்தித் தம்முடைய பிதாவுக்கு நன்றி சொல்லுகிறார்.

மூன்றாவது, அவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு. யூதாஸ் விலைபேசி முடித்துவிட்டான். மறுநாள் கல்வாரி மலை. அந்தப் பந்தியில் அவர் அப்பத்தைக் கையிலெடுத்து நன்றி செலுத்தி, தம்முடைய திருச்சரீரமாக அதைக் கொடுத்தார். தேவநற்கருணைக்குக் கிரேக்கர் வழங்கிய எவுக்கரிஸ்தியா என்னும் பெயருக்கு நன்றியறிதல் என்பதே பொருள்.

இம்மூன்றிலும் உதவி கண்ணுக்குத் தெரியுமுன்னே நன்றி பிறந்தது. ஆனால் ஒன்றை மறவாதிருங்கள். நன்றி சொன்னால் அப்பம் பெருகும் என்று சர்வேசுரனோடு வியாபாரம் பேசலாகாது. முதல் தடவை நன்றிக்குப் பின் அப்பம் பெருகியது. மூன்றாம் தடவை நன்றிக்குப் பின் வந்தது சிலுவை. உயிர்ப்பின் ஞாயிறு அதற்கும் பின்னேதான் வந்தது. ஆகையால் ஆண்டவருடைய நன்றி கையிலிருந்த பொருளின் அளவைப் பார்த்து வந்ததல்ல. தம்முடைய பிதா எப்படிப்பட்டவர் என்று அறிந்ததனால் வந்தது.

அழுதவரே நன்றி சொன்னார்

துன்பத்தில் நன்றி சொல்வதென்றால் அழாமலிருப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பெத்தானியாவில் நன்றி சொன்ன ஆண்டவர், அதற்குச் சற்று முன்னே அங்கேதான் கண்ணீர்விட்டு அழுதார். லாசருடைய மரணத்துக்காக அவர் நன்றி சொல்லவில்லை. பிதா தமக்குச் செவிகொடுத்ததற்காகவே நன்றி சொன்னார். ஆகையால் புற்றுநோயை நன்மையென்று சொல்ல உங்களுக்குக் கடமையில்லை. உங்களுக்கு ஒருவன் செய்த அநியாயத்தை நியாயமென்று ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. இந்த நோயிலும் இந்த அநியாயத்திலும் பிதா என்னைக் கைவிடவில்லை என்று நம்பி, அதற்காக நன்றி சொல்லக் கூடும்.

இதனால் மற்றொரு பாடமும் உண்டு. துக்க வீட்டுக்குப் போகும்போது, எல்லாம் நன்மைக்கே, நன்றி சொல்லுங்கள் என்று உபதேசம் செய்யாதிருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொடுங்கள், அவர்களோடு செபமாலை சொல்லுங்கள். நன்றி அவர்கள் வாயிலிருந்து அதன் காலத்தில் வரும். அப்படியே, அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்து, எனக்கு அப்படி நேரவில்லையே, சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் என்று மகிழ்வதும் கிறிஸ்தவ நன்றியல்ல. தான் மற்றவர்களைப் போலல்ல என்று நன்றி சொன்ன பரிசேயன் தேவாலயத்திலிருந்து வெறுங்கையோடே திரும்பினான்.

உள்ளங்கையில் மூன்று துளி

இப்படி ஜீவித்தவர்கள் நம் காலத்திலும் இருந்தார்கள். வியட்நாம் தேசத்தில் சைகோன் நகரின் துணை அதிமேற்றிராணியாராக நியமனம் பெற்ற பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான், 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று கைதுசெய்யப்பட்டார். 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. பீடமும் இல்லை, பூசை உடுப்பும் இல்லை. வயிற்றுக்கு மருந்தாகக் கொஞ்சம் இரசம் அனுப்புங்கள் என்று வெளியிலிருந்த விசுவாசிகளுக்கு எழுதினார். அவர்கள் குறிப்பறிந்து, வயிற்றுவலி மருந்து என்று சீட்டொட்டிய சிறு புட்டியில் இரசத்தையும், டார்ச் விளக்குக்குள் ஒளித்து அப்பத்தையும் அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி தண்ணீரும் வைத்து அவர் பலிபூசை நிறைவேற்றினார். முகாமில் மற்றக் கைதிகளோடிருந்த காலத்தில், விளக்கணைந்தபின் கொசுவலைக்கடியில் கை நீட்டி மற்றவர்களுக்குத் தேவநற்கருணை கொடுத்தார்.

1988-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி விடுதலையானார். 2001-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். 2002-இல் மரித்தார். 2017-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. விடுதலை வரட்டும், பிறகு நன்றிப்பலி ஒப்புக்கொடுப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. எப்போது கதவு திறக்கும் என்று அறியாத நாளிலேயே, உள்ளங்கையைப் பீடமாக்கி நன்றி செலுத்தினார்.

இவ்வாரத்துக்குரிய பிரதிக்கினை

1. உண்ணுமுன் செபம் சொல்லுங்கள். கஞ்சி மாத்திரம் உள்ள நாளிலும் விடாதிருங்கள். சமைத்தவளுக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். கண்ட மனுஷிக்கு நன்றி சொல்லாதவன் காணாத சர்வேசுரனுக்கு எப்படிச் சொல்வான்?

2. அர்ச். இஞ்ஞாசியார் கற்பித்த ஆத்தும சோதனையில், பாவங்களைத் தேடுமுன் பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வதே முதற்படி. இரவு குடும்ப செபமாலைக்குப் பின் ஒவ்வொருவரும் அன்றைய நன்மை ஒன்றைப் பெயர் சொல்லிக் கூறட்டும். பொதுவாய்ச் சொல்லவேண்டாம், தலைவலி விட்டது, பஸ் தவறாமல் கிடைத்தது, சண்டையிட்ட தம்பி பேசினான் என்று குறிப்பாய்ச் சொல்லட்டும். சிறு பிள்ளைகள் இதில் நமக்கே பாடம் சொல்வார்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கியதும் செருப்பைத் தேடி ஓடாமல், சில நிமிஷமாவது முழங்காலிலிருந்து ஆண்டவரோடு பேசுங்கள்.

4. கஷ்டம் வரும்போது, முதலில் உங்கள் நோவை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். பின்பு, கையில் மீந்திருக்கும் ஐந்து அப்பங்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள்.

அதுவும் முடியவில்லையா? துக்கத்தால் உங்கள் நா எழவில்லையா? அப்படியிருந்தாலும் பூசைக்கு வாருங்கள். கடைசி வாங்கில் மௌனமாய் உட்காருங்கள். குருவானவர் நன்றி செலுத்த அழைக்கும்போது, பக்கத்திலிருப்பவர்கள் உங்களுக்காகவும் பதில் சொல்வார்கள். தனியொருவனால் தூக்க முடியாத நன்றியைத் திருச்சபை முழுவதும் சேர்ந்து தூக்குகிறது. இன்று அவர்கள் உங்களுக்காகச் சொல்லட்டும். நாளை வேறொருவருக்காக நீங்கள் சொல்வீர்கள்.