பிள்ளை பிடிபட்டால்

மூதூர்ப் பக்கத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாலிபர்களோடு இருந்து கதைத்தோம். "களவெடுத்தால் தண்டியுங்கள், ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள், பெரிய கள்ளரோடு அடைக்காதீர்கள்" என்றார்கள். நியாயமே. பெரியவர்களிலிருந்து பிரித்து வைக்க 1939ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. பிள்ளையின் சொல்லைக் கேட்பது, இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை.

எட்டாக இருந்த குற்றப்பொறுப்பு வயது 2018இல் 12 ஆகியது. 14 வரை பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் பார்ப்பார். ஆனால் வயதை எதைக்கொண்டு காட்டுவது? ஓடிய ஓட்டத்தில் எத்தனை வீட்டுப் பிறப்புச் சான்றிதழ்கள் போயின! பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிள்ளையைப் பொலிசார் கொண்டுபோனால், வெட்கப்பட்டு வீட்டில் இராமல், சான்றிதழோடு உடனே பின்னால் போங்கள்.