கொண்டைக்குருவியும் பழந்தின்னி வௌவாலும்

கொய்யாமரத்திற் கொண்டைக்குருவியைக் காணும் தோட்டக்காரர், பாடும் பட்சிதானே என்று விட்டுவிடுகிறார். அதே மரத்திற்கு இரவிற் பழந்தின்னி வௌவால் வந்தாலோ கல்லெடுக்கிறார். பழந்தின்னும் இரண்டினுள் ஒன்றினிடம் தயையும் மற்றொன்றினிடம் பகையும் பாராட்டுவது நியாயமா என்பதை அங்கத்தினர்கள் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

கொண்டைக்குருவி கரிய தலையிற் சிறு கொண்டையும் வாலடியிற் சிவப்பும் உடையது. புதர்களிற் கிண்ணம்போற் கூடு கட்டி 2 அல்லது 3 முட்டையிடும். பகலிற் சிறு பழங்களோடு புழுபூச்சிகளையும் தின்னும்.

பழந்தின்னி வௌவால் பறந்தாலும் பட்சியன்று. அதற்கு அலகும் இறகும் இல்லை. விரல்களினிடையே விரிந்த தோலே சிறகாகும். விரித்த சிறகு சுமார் 4 அடி இருக்கும். பகலில் ஆல், புளி முதலிய பெருமரங்களிற் கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்கி, அந்தியில் இரைதேடப் புறப்படும். வருஷத்திற்கு ஒரே குட்டி ஈன்று பாலூட்டும். ஆதலால் அடித்துக் குறைத்த கூட்டம் எளிதில் விருத்தியாகாது.

இனி, இவற்றால் விளையும் நன்மையைக் காண்போம். குருவி சிறு விதைகளை விழுங்கி, அண்மையிலுள்ள புதர்களிலும் வேலிகளிலும் எச்சத்தோடு இடும். வௌவால் ஒரே இரவிற் பல மைல் சென்று ஆல், அத்தி விதைகளைப் பரப்பும். இலுப்பைப் பழத்தைத் தூக்கிச் சென்று தின்று கொட்டையை வேறிடத்திற் போடும். இலுப்பை, இலவம் ஆகியவற்றின் பூக்களில் இரவில் தேனருந்தும்போது மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும். எண்ணெய்க்கு வித்தும் தலையணைக்குப் பஞ்சும் கிடைப்பதில் அதற்கும் பங்குண்டு.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் இவ்விரண்டையும் வேறாகவே நடத்தியது. கொண்டைக்குருவி இனத்திற்குப் பாதுகாப்பு அளித்தது. பழந்தின்னி வௌவாலை எலியோடு தீங்குயிர் அட்டவணையிற் சேர்த்தது. 2022-ல் நிறைவேறிய திருத்தத்தால் அவ்வட்டவணையே நீக்கப்பட்டது.

எனினும் எச்சரிக்கை அவசியம். நிபா என்னும் கொடிய வியாதியின் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் உண்டு. 2018-ல் கேரளத்துக் கோழிக்கோட்டில் அந்நோயாற் பலர் மாண்டனர். ஆகையால் வௌவால் கடித்த பழத்தை உண்ணலாகாது. வௌவாலைக் கையாலும் தொடலாகாது. பதநீர்க் கலயங்களை மூடிவைத்தல் வேண்டும்.

பழத்தைக் காக்கக் குலைகளுக்கும் காய்களுக்கும் உறை கட்டலாம். வௌவால் தங்கும் பெருமரத்தை வெட்டுவது பரிகாரமன்று. பற்றை மாத்திரம் படித்து வரவைப் பாராமற் கணக்கை முடிப்பவர் சங்கத்திலும் இலர். தோட்டத்திலும் அவ்வாறு செய்யாதிருப்பாராக.