கையடக்கத் திரையில் மோட்டார் பந்தயம்: எந்த ஆட்டத்தை வாங்குவது?

மோட்டார் பந்தய வீடியோ கேம்களைக் கார்களின் எண்ணிக்கையையும் படத்தின் பளபளப்பையும் கொண்டு மதிப்பிடும் வழக்கம் பரவலாக இருந்தாலும், திரை, பொத்தான்கள், மின்கலம் ஆகிய மூன்றும் ஒரே உடலில் அமைந்து, தொலைக்காட்சியின் துணையின்றிக் கையில் ஏந்தி ஆடத்தக்க கையடக்கக் கன்சோலுக்கு அந்த இரண்டு அளவுகோல்களும் போதுமானவை அல்ல. அக்கருவியின் பொத்தான்களுக்கு ஆட்டம் எவ்வளவு பொருந்துகிறது, இணையம் இல்லாத நேரத்தில் ஆட்டத்தில் எவ்வளவு எஞ்சுகிறது, பக்கத்தில் அமர்ந்திருப்பவரையும் அது சேர்த்துக்கொள்கிறதா என்ற மூன்று கேள்விகளே இங்கு முடிவைத் தர வேண்டியவை.

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் வாங்குவோருக்கு இக்கேள்விகள் இன்னும் கூர்மையாகின்றன. கையடக்கக் கருவிகளில் பந்தய ஆட்டங்கள் நிறைந்ததான நிண்டெண்டோ ஸ்விட்ச், 2017 மார்ச் 3 அன்று உலகச் சந்தைக்கு வந்தபோதும், இந்தியாவில் அந்நிறுவனத்தால் நேரடியாக விற்கப்படவில்லை. இங்குக் கிடைப்பவை இறக்குமதியாளர் வழியாக வருபவை என்பதால், விலை கடைக்குக் கடை மாறுவதோடு, நிறுவனத்தின் உத்தரவாதமும் இங்குச் செல்லுபடியாவதில்லை. இந்தியாவுக்கென்று தனி இணையக்கடையும் இல்லாத நிலையில், பிடிக்காத ஆட்டத்தை வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்கும் வழி குறுகியது. ஆகவே வாங்குவதற்கு முன் தேர்வதே இங்கு மிக முக்கியம்.

முதலில் பொத்தான்களைப் பற்றிய உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். பந்தய ஆட்டங்களில் ஆக்ஸிலேட்டராகவும் பிரேக்காகவும் பயன்படுபவை, கருவியின் பின்புறத்தில் ஆள்காட்டி விரல்கள் படியும் டிரிக்கர் பொத்தான்கள் ஆகும். பெரிய கன்சோல்களின் கைப்பிடிகளில் இவை அழுத்தத்தின் அளவை உணர்வதால், பாதி அழுத்தினால் பாதி வேகமும் முழுதாக அழுத்தினால் முழு வேகமும் கிடைக்கும். ஸ்விட்ச் கருவியில் அமைந்தவையோ மின்விளக்கின் சுவிட்சைப் போல இயங்குபவை, அவற்றுக்கு 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு நிலைகளே உள்ளன. இந்தக் குறை 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த ஸ்விட்ச் 2 கருவியிலும் நீங்கவில்லை.

இதன் விளைவைத் திண்டுக்கல்லில் விளக்குவது எளிது. நத்தம் சாலையிலிருந்து பிரிந்து சிறுமலைக்கு ஏறும் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவர், வளைவுக்கு முன்னரே பிரேக்கை இதமாகப் பிடித்து, வளைவின் நடுவில் விட்டு, வெளியேறும்போது ஆக்ஸிலேட்டரைச் சிறிது சிறிதாகத் திருகுவார்; முழுவதும் திருகுவது அல்லது முழுவதும் விடுவது என்று ஓட்டினால் பின்சக்கரம் வழுக்கும். நான்குவழிச்சாலையிலோ அப்படி ஓட்டினாலும் பெரிதாக ஒன்றும் நேராது. பந்தய ஆட்டங்களும் இவ்வாறே இரு வகைப்படுகின்றன. வண்டியின் எடை, சக்கரத்தின் பிடிப்பு, பிரேக்கின் அளவு ஆகியவற்றை உண்மைக்கு நெருக்கமாகக் கணக்கிடும் ஆட்டங்கள் 'சிமுலேஷன்' எனப்படும். இயற்பியலைத் தளர்த்தி, வேகத்தின் களிப்பையே முதன்மையாக்கும் ஆட்டங்கள் 'ஆர்கேட்' எனப்படும். 'உண்டு', 'இல்லை' என்ற இரு நிலைப் பொத்தான்கள் ஆர்கேட் வகைக்கு முழுதும் போதுமானவை. சிமுலேஷன் வகைக்கு அவை அரைகுறையே. ஸ்விட்சுக்கு ஆட்டம் வாங்கும் எவரும் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால், பாதித் தவறுகள் தாமாகவே நீங்கும்.

ஆர்கேட் வகையில் முதலிடம் பெறுவது மரியோ கார்ட் 8 டீலக்ஸ் ஆகும். 2014இல் வீ யூ என்ற முந்தைய கன்சோலுக்கு வந்த ஆட்டம், விரிவாக்கப்பட்டு 2017 ஏப்ரல் 28 அன்று ஸ்விட்சுக்கு வந்தது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, அக்கருவியின் மிகுதியாக விற்ற ஆட்டமாக நிற்கிறது. அடிப்படை ஆட்டத்தில் 48 பந்தயப் பாதைகள் உள்ளன. 2022 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை ஆறு தவணைகளில் வந்த கட்டண இணைப்பு மேலும் 48 பாதைகளைச் சேர்த்து, மொத்தத்தை 96 ஆக்கியது. இதன் வாகனங்கள் உண்மையான கார்கள் அல்ல, சிறு கார்ட் வண்டிகள். ஓட்டுபவர்கள் கற்பனைப் பாத்திரங்கள். வழியில் கிடைக்கும் பெட்டிகளை உடைத்து ஆமை ஓடு, வாழைப்பழத் தோல் போன்றவற்றைப் பெற்று எதிராளியை நிலைகுலைக்கலாம். இவற்றைக் கண்டு இது குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்குவோர் உண்டு. அது பிழையான கருத்து. 50சிசி முதல் 200சிசி வரை அமைந்த வேக வகுப்புகளில், கடைசி வகுப்பு பிரேக் பிடிக்கத் தெரியாதவரை முதல் வளைவிலேயே பாதைக்கு வெளியே தள்ளிவிடும். வளைவில் வண்டியைச் சரித்து வழுக்கவிட்டு, அந்த வழுக்கலின் நீளத்துக்கு ஏற்ப அடுத்த நொடியில் கூடுதல் உந்துதல் பெறும் 'டிரிஃப்ட்' நுட்பம், பல மாதப் பயிற்சிக்குப் பின்னரே கைவசமாகும்.

அதே ஆட்டம், ஆறு வயதுக் குழந்தையையும் வீடியோ கேம் தொட்டறியாத பாட்டியையும் ஏற்றுக்கொள்கிறது என்பதே இதன் பெருமை. 'ஸ்மார்ட் ஸ்டியரிங்' என்ற உதவி வசதி வண்டியைப் பாதையைவிட்டு விழாமல் காக்கும். ஆக்ஸிலேட்டரைத் தானாக அழுத்திக்கொள்ளும் அமைப்பும் உண்டு. பின்தங்கியவருக்கு வலுவான பொருள்களும் முன்னே செல்பவருக்கு எளிய பொருள்களும் கிடைக்குமாறு பெட்டிகள் அமைக்கப்பட்டிருப்பதால், கடைசியில் இருப்பவருக்கும் கடைசிச் சுற்றுவரை நம்பிக்கை தீர்வதில்லை. திறமையால் மட்டுமே வெற்றி அமைய வேண்டும் என்று எண்ணுபவருக்கு இது எரிச்சல் தருவதும் இயல்பே. ஸ்விட்சின் இரு பக்கக் கைப்பிடிகளும் கழன்று தனித்தனிக் கைப்பிடிகளாக மாறுவதால், வேறு எதுவும் வாங்காமலே இருவர் ஆடலாம். கூடுதல் கைப்பிடிகள் இருந்தால் ஒரே திரையை நான்காகப் பிரித்து நால்வர் ஆடலாம், இணையமும் வேண்டியதில்லை. மூவரோ நால்வரோ ஆடும்போது காட்சி நொடிக்கு 60 என்ற நிலையிலிருந்து 30 ஆகக் குறையும் என்பதும், 6.2 அங்குலத் திரையில் நான்கு கட்டங்கள் மிகச் சிறியவையாகத் தோன்றும் என்பதும் உண்மை. கருவியைத் தொலைக்காட்சியோடு இணைத்தால் இரண்டாவது குறை நீங்கும். பொங்கலுக்கும் முழுப்பரீட்சை விடுமுறைக்கும் அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் கூடும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இக்கருவியில் இல்லை.

உண்மையான கார்களை விரும்புவோருக்கு உரியது கிரிட் ஆட்டோஸ்போர்ட். கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2014இல் உருவாக்கிய இதனை ஃபெரல் இன்டராக்டிவ் நிறுவனம் 2019 செப்டம்பரில் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தது. சாதாரணக் கார்களின் டூரிங் போட்டி, சக்கரத் தேய்மானத்தைக் கணக்கிட்டு ஓட்ட வேண்டிய நீண்டதூரப் போட்டி, சக்கரங்கள் வெளியே தெரியும் ஃபார்முலா வகைப் போட்டி, மாற்றியமைத்த கார்களின் டியூனர் போட்டி, தெருப் பந்தயம் என ஐந்து துறைகள் இதில் உள்ளன. மலேசியாவின் செப்பாங், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஆகிய உண்மையான களங்களும் இடம்பெற்றுள்ளன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராக, 2005 ஜூன் 19 அன்று நான்காம் இடம் பெற்றுத் தம் முதல் புள்ளிகளை ஈட்டியது அந்த இண்டியானாபொலிஸ் களத்தில்தான். சக்கரப் பாதுகாப்புச் சிக்கலால் ஆறு கார்கள் மட்டுமே ஓடிய விந்தையான பந்தயம் அது.

பொத்தான் சிக்கலை இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் உணர்ந்திருந்தனர் என்பது பாராட்டுக்குரியது. அழுத்தத்தை உணரும் டிரிக்கர் கொண்ட பழைய கேம்கியூப் கைப்பிடியை, அதற்குரிய இணைப்பியின் வழியே இதில் பயன்படுத்தலாம். அவ்வசதி இல்லாதவர்கள் பிரேக் உதவி, சக்கர வழுக்கலைத் தடுக்கும் உதவி ஆகியவற்றை இயக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினால், இரு நிலைப் பொத்தான்களின் முரட்டுத்தனம் பெருமளவு குறையும். தவறிவிட்ட வளைவுக்குச் சில நொடிகள் பின்னோக்கிச் சென்று மீண்டும் முயலும் 'ஃபிளாஷ்பேக்' வசதியும் கற்போருக்கு நல்ல ஆசான். படத்தின் தரத்துக்கு ஒன்று, நொடிக்கு 60 காட்சி வேகத்துக்கு ஒன்று, மின்கலத்தைச் சேமிப்பதற்கு ஒன்று என மூன்று நிலைகளை இது தருகிறது. மூன்றாவது நிலை பயணத்துக்கு உகந்தது. திண்டுக்கல்லிலிருந்து சென்னை எழும்பூருக்கு வைகை எக்ஸ்பிரஸில் செல்ல ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2017இன் முதல் வடிவ ஸ்விட்சின் மின்கலம், ஆட்டத்தைப் பொறுத்து இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் வரையே தாங்கும். 2019இல் திருத்தப்பட்ட வடிவமும் 2021இன் ஓஎல்இடி வடிவமும் நாலரை முதல் ஒன்பது மணி நேரம் வரை தாங்குபவை. எனினும், குடும்பத்தில் பலர் சேர்ந்து ஆடுவதற்கு கிரிட் பொருந்தாது. இது தனியாக அமர்ந்து, ஒரே வளைவைப் பத்து முறை ஓட்டிப் பழகுபவரின் ஆட்டம்.

பைக் பந்தயத்தில் நாட்டம் உள்ளவர்களுக்கு 2023 ஜூனில் வெளிவந்த மோட்டோஜிபி 23 ஒரு சிறப்புக் காரணத்தால் முக்கியமானது. 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசக் களத்தில் இந்தியாவின் முதல் மோட்டோஜிபி பந்தயம் நடைபெற்றது. அந்தக் களம் இந்த ஆட்டத்தில் உள்ளது. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பயன்படுத்துவது, வளைவில் ஓட்டுநரின் உடலைச் சாய்ப்பது ஆகியவற்றைக் கற்க வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் இது மிகவும் கடினமாக இருக்கும். இரு நிலைப் பொத்தான்களின் குறை மிகுதியாக உணரப்படுவதும் இதில்தான். மேலும், ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும் வரிசை என்பதால், பழைய பதிப்பு விலை குறைந்து கிடைக்கும்போது வாங்குவதே அறிவுடைமை. இதே களத்தை ஃபார்முலா 1 காரில் ஓட்ட விரும்புபவர், கார்த்திகேயனும் இந்தியப் பந்தயமும் இடம்பெற்ற எஃப்-1 2011 ஆட்டத்தை நிண்டெண்டோ 3டிஎஸ், பிளேஸ்டேஷன் வீட்டா ஆகிய பழைய கையடக்கக் கருவிகளில் பெறலாம். அது சேகரிப்பாளர்களுக்கு உரியது, முதல் ஆட்டமாக வாங்கத்தக்கதன்று.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஃபாஸ்ட் ஆர்எம்எக்ஸ், தரைக்கு மேல் மிதக்கும் வண்டிகளின் அதிவேகப் பந்தயம். வண்டியின் நிறத்தை மாற்றித் தரையின் நிறத்தோடு பொருத்தும் நுட்பம் ஒன்றையே நம்பி நிற்பினும், அதை மிக நேர்த்தியாகச் செய்கிறது. ஆர்ட் ஆஃப் ரேலி, மேலிருந்து பார்க்கும் கோணத்தில், எதிராளி இன்றிக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் அமைதியான ஆட்டம். ஆஸ்ஃபால்ட் வரிசை இலவசமாகத் தொடங்கினாலும், புதிய கார்களுக்கு நீண்ட காத்திருப்பையோ பணத்தையோ கேட்கும் அமைப்புடையது. கைப்பேசியிலேயே கிடைக்கும் அதற்காகத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை, பிள்ளைகளிடம் கொடுக்கும்போது பணம் செலுத்தும் வழியை அடைத்துவிடுவதும் அவசியம்.

பழைய பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், சுருக்கமாகப் பிஎஸ்பி, பயன்படுத்தப்பட்ட நிலையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், அதையும் கருதுவோர் உண்டு. அதற்கு 2009 அக்டோபரில் வந்த கிரான் டூரிஸ்மோ 800க்கும் மேற்பட்ட கார்களையும் 35 களங்களையும் ஒரு சிறு வட்டில் அடக்கியது வியப்புக்குரிய சாதனை. ஆனால் பந்தய வாழ்க்கையைப் படிப்படியாக ஏறிச்செல்லும் முறை அதில் இல்லாததாலும், ஒரு நேரத்தில் நான்கு நிறுவனங்களின் கார்கள் மட்டுமே விற்பனைக்கு வருவதாலும், அந்த எண்ணிக்கையின் பயன் ஆடுபவரின் கைக்கு எளிதில் வருவதில்லை. எண்ணிக்கையை நம்பி வாங்குவதன் அபாயத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

கருவியின் வகையும் தேர்வைப் பாதிக்கும். 2019இல் வந்த ஸ்விட்ச் லைட் விலை குறைந்ததாயினும், அதன் கைப்பிடிகள் கழலாதவை, தொலைக்காட்சியோடு இணைக்கவும் முடியாது. மரியோ கார்ட்டின் முதன்மையான சிறப்பே அதில் முடங்கிவிடுகிறது. ஸ்விட்ச் 2 உடன் வந்த மரியோ கார்ட் வேர்ல்டு 24 பேரை ஒரே பந்தயத்தில் ஓடவிட்டு, களங்களைச் சாலைகளால் இணைத்துப் பரந்த நிலமாக்கியுள்ளது. ஆயினும் அமெரிக்காவில் 80 டாலர் விலையிடப்பட்ட அதற்காக மட்டும் புதிய கருவிக்கு மாறுவது, ஏற்கெனவே ஸ்விட்ச் வைத்திருப்பவருக்குத் தேவையற்றது.

ஆட்டத்தை இணையத்தில் இறக்கிக்கொள்வதைவிடக் கார்டாக வாங்குவதே இப்பகுதியினருக்கு நன்மை தரும். ஸ்விட்ச் கார்டுகளுக்கு நாட்டு வரம்பு இல்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வாங்கி வந்ததும் இங்கு இயங்கும். ஆடி முடித்தபின் நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். முதல் வடிவக் கருவியின் உள்நினைவகம் 32 ஜிபி மட்டுமே என்பதால் இடமும் மிச்சமாகும். ஸ்விட்ச் 2 ஆட்டங்கள் சிலவற்றில், கார்டில் ஆட்டமே இல்லாமல், அதை இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மட்டும் இருக்கும். உறையின் மேல் அது குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், பணம் கொடுக்கும் முன் படித்துப் பார்க்க வேண்டும்.

தனியாக ஆடுபவர், கார்களின் நடத்தையை அறிய விரும்புபவர், பொறுமை உள்ளவர் ஆகியோருக்கு கிரிட் ஆட்டோஸ்போர்ட்டும், பைக்கே உலகம் என்றிருப்பவருக்கு விலை குறைந்த மோட்டோஜிபி 23ம் தகும். ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும் பணம் இருக்கும் வீட்டுக்கு, கைப்பிடிகள் கழலும் ஸ்விட்சும், கட்டண இணைப்பு இல்லாத மரியோ கார்ட் 8 டீலக்ஸ் கார்டுமே போதும். அதன் 48 பாதைகளையும் 200சிசி வகுப்பில் வென்று முடித்த பிறகு மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம்.