நெற்றியோடு நிறுத்தாதீர்கள், நெஞ்சையும் பாருங்கள்

குழந்தைக்குச் சளி, இருமல் என்றதும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். சூடு குறைந்தால் நிம்மதி. ஆனால் சாதாரணச் சளிக்கும் காய்ச்சல் வரும், நிமோனியாவுக்கும் வரும். இரண்டையும் வீட்டிலேயே பிரித்தறிய உதவுவது மூச்சின் வேகம். நுரையீரலின் காற்றுப்பைகளில் நீரும் சீழும் சேர்ந்தால் ஆக்சிஜன் போதாமல் குழந்தை வேகவேகமாக மூச்சு விடும். அதை எண்ணத் தெரிந்தால் போதும்.

குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ண வேண்டாம். மடியில் அமைதியாகப் படுத்திருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் டைமர் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு தப்பும்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை. எண்ணிக்கை இதைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இன்னொரு முறை எண்ணி உறுதிசெய்துகொண்டு உடனே கிளம்புங்கள்.

அடுத்து, விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்த இடம் ஒவ்வொரு முறையும் குழிந்தால் நோய் முற்றுகிறது என்று பொருள். பால் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு, உதடு நீலம் பாய்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரியவர்களுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சளாகவோ துரு நிறத்திலோ சளி, மூச்சை ஆழ இழுத்தால் நெஞ்சில் குத்தும் வலி என்று வரும். வயதானவர்கள் விஷயம் வேறு. காய்ச்சலே இல்லாமல் போகலாம். திடீரென ஆள் அடையாளம் குழம்புவது, சாப்பாட்டை ஒதுக்குவது, மூச்சு வாங்குவதுதான் தெரியும். "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். பச்சிளங்குழந்தைக்கும் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போகலாம். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் எடுங்கள்; மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டுங்கள். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இருந்தால் டாக்டர், 90-க்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ்.

குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக் சிரப்பையும் கொடுக்காதீர்கள்.

நிமோகாக்கல் தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று முறை இலவசமாகப் போடப்படுகிறது. உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.