தூக்கி நிறுத்தாதீங்க, படுக்க வைங்க

என் மகளுக்கு ‘வலிப்புக்காரி’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தது நோயல்ல. உதவிக்கு ஓடிவந்தவர்கள் அவளை நிமிர்த்திப் பிடித்ததுதான்.

சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீடு. வெக்கை, நெரிசல், வெகுநேரம் நின்றபடியே இருந்தாள். “உம்மா, கண் இருட்டுது” என்றாள். முகம் வெளுத்து, வியர்த்து, சரிந்தாள். அப்படியே கிடக்க விட்டிருந்தால் தெளிந்திருப்பாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். தலை தொங்கியது, கைகால் வெட்டி இழுத்தது. “வலிப்பு! இரும்பு ஒண்டு கையில குடுங்க” என்று ஒரு மாமி கத்த, திறப்புக் கோர்வை வந்தது. மஃரிபுக்குள் ஊரெல்லாம் கதை. பேசிவந்த சம்பந்தமும் நின்றது. அந்த வீட்டார் பிறகு ஆளனுப்பினார்கள். ஒரு வார்த்தை விசாரிக்காமல் விலகியவர்கள் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

நாம் எழுந்து நின்றதும் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நம்மைக் கேட்காமலே அதைச் சரிக்கட்டுவது தன்னாட்சி நரம்புத் தொகுதி. அதன் பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை விரைவாக்கும். வெக்கையிலோ, நெடுநேரம் நிற்கையிலோ, ஊசியைக் கண்டாலோ சிலருக்கு இது தலைகீழாகிறது. குழாய்கள் தளர்கின்றன, வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது, பிரஷர் விழுகிறது. தோமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் 1932இல் இதை ‘வேசோவேகல்’ மயக்கம் என்று விவரித்தார். மூளைக்குச் சில விநாடி இரத்தம் குறைந்தாலே நினைவு போய்விடும். விழுந்து கிடந்தால் இரத்தம் தானாக மூளைக்குத் திரும்பும். நிமிர்த்திப் பிடித்தால் அதற்கு வழியில்லை. அப்போது வரும் வெட்டு, பட்டினி கிடக்கும் மூளையின் வெட்டு. வலிப்பு நோயல்ல.

மகளுக்கு ஒரு கிளினிக்கில் எதுவும் கேட்காமலே வலிப்புக் குளிசை எழுதினார்கள். பிறகு பார்த்த டொக்டர் முதலில் என்னைத்தான் கேட்டார்: “விழ முந்தி என்ன சொன்னா? எவ்வளவு நேரம் இழுத்திச்சு? தெளிஞ்சதும் உங்கள அடையாளம் தெரிஞ்சதா?” மயக்கத்தில் இழுப்பு பெரும்பாலும் சில விநாடிதான், தெளிந்ததும் ஆளை அடையாளம் தெரியும். வலிப்பில் அது நீளும், பிறகும் குழப்பம் இருக்கும், நாக்கின் ஓரம் கடிபடலாம். ஆகவே பார்த்தவர் ஒருவர் கட்டாயம் கூடப் போங்கள். யாராவது போனில் படம் பிடித்திருந்தால் அதையும் காட்டுங்கள். இசிஜி, படுத்தும் நின்றும் பிரஷர் எல்லாம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. குளிசையையும் அவரே நிறுத்தினார்.

கண் இருட்டும்போதே படுத்துக் காலை உயர்த்த வேண்டும். முடியாவிட்டால் கால்களைப் பின்னித் தொடையை இறுக்கி, கைகளைக் கோர்த்து இழுக்க வேண்டும். நோன்பு காலத்தில் சஹருக்குத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். மயங்கியவர் வாயில் மட்டும் எதுவும் ஊற்றாதீர்கள், ஓதின தண்ணீரானாலும் தெளிந்த பிறகு கொடுங்கள். ஓடும்போதோ, படுத்திருக்கையிலோ, முன்னறிகுறி இல்லாமலோ விழுந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதுத் திடீர் மௌத்து நடந்திருந்தால், அன்றே இதயத்தைச் சோதியுங்கள்.

என் மகள் இப்போது எங்கே கண் இருட்டினாலும் அங்கேயே படுத்துவிடுகிறாள். நாலு பேர் பார்ப்பார்களே என்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.